கண் டாக்டரம்மாவின் கடிதம்

என் கணவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் வராது.

அவர் மருந்து கம்பெனியில் ரெப். தோல் பையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக டாக்டர்களின் அறை வாசலில் காத்திருந்து, கடைசி நோயாளியும் போன பிறகு உள்ளே நுழைந்து, இரண்டே நிமிஷத்தில் ஒரு மாத்திரையின் மகிமையைச் சொல்லிவிட்டு வருகிற வேலை. பதினேழு வருஷமாக அதைச் செய்ததில் டாக்டர்களின் முகத்தைப் படிக்கிற வித்தை அவருக்குக் கைவந்துவிட்டது. யாருக்குச் சர்க்கரை போடாத காபி, யாரிடம் காலையில் பேச்சே கொடுக்கக் கூடாது, யார் மகளுக்கு எப்போது பரீட்சை, எல்லாம் அத்துப்படி. அவர்களில் நரம்பு மருத்துவர் ஒருவர் உண்டு. இவருடைய கம்பெனி மாத்திரைகளைத் தாராளமாக எழுதுகிறவர். அவர் போன் செய்தால் இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார்.

"நீங்க நிக்கறது அவருக்குத் தெரியவா போகுது?" என்று கிண்டல் செய்வேன்.

"குரல்ல தெரியும்," என்பார். அந்த டாக்டரை வீட்டில் பெரிய சார் என்றுதான் சொல்வோம்.

எனக்குப் பெயின்ட் கடையில் வேலை. நிறம் கலக்குகிறவள். வாடிக்கையாளர்கள் பழைய சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார்கள், இதே நிறம் வேண்டும் என்று. மெஷின் அதைப் பார்த்து எது எத்தனை சொட்டு என்று சொல்லிவிடும். ஆனால் அந்தச் சுவர் பத்து வருஷம் வெயில் தின்றிருப்பது மெஷினுக்கு எங்கே தெரியும். நான் கறுப்பில் ஒரு சொட்டு, மஞ்சளில் அரைச் சொட்டு என்று சரிசெய்து, அட்டையில் தீற்றிக் காயவைத்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்ப்பேன். கடைக்குள் ட்யூப் லைட்டில் ஒட்டிப் பிறந்ததுபோல இருக்கும் இரண்டு வெள்ளை, வாசலில் வேறு வேறாகத் தெரியும். அங்கே பார்க்காமல் டப்பாவை மூடக் கூடாது. "மெஷின் கிடக்கட்டும், அந்தம்மா என்ன சொல்லுது?" என்று முதலாளி கேட்பார். எனக்கு என் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததென்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கண்ணில்தான் நோய் வந்து கைவைத்தது. ஒருநாள் இரும்புக் கதவு ஒன்றுக்குச் சிவப்பு கலந்து கொடுத்தேன். வாங்கினவர் மறுநாளே டப்பாவோடு திரும்பி வந்தார். "நான் கேட்டது சிவப்பும்மா. இது ரத்தமா வழியுது," என்றார். எனக்கு அது செங்கல் நிறமாகத் தெரிந்ததால்தான் சிவப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் சிவப்பு சிவப்பாக இருந்தது. இடது கண்ணில் சாயம் போயிருந்தது. விழியை உருட்டினால் வலித்தது. பத்து நாளில் வலது கண்ணிலும் புகை படிந்தது. மார்பைச் சுற்றி யாரோ பெல்ட் கட்டி இறுக்கியதுபோல ஒரு மரப்பு.

"கவலைப்படாத. நம்ம பெரிய சார் இருக்காரு," என்றார் கணவர்.

டோக்கன் இல்லை, காத்திருப்பு இல்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, நான் நேராக உள்ளே போனேன். பொய் சொல்வானேன், அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெரிய சார் ஸ்கேன் படங்களை வெளிச்சப் பலகையில் மாட்டிப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். எம்.எஸ். என்று சுருக்கமாகவும் சொன்னார். உடம்பு தன் நரம்பின் உறையைத் தானே அரிக்கிற நோயாம். ஐந்து நாள் ஸ்டீராய்டு ட்ரிப் ஏற்றினார்கள். வலது கண் நன்றாகத் தெளிந்தது, இடது பாதி. ட்ரிப் முடிந்ததும், கண்ணை முதலில் பார்த்த கண் டாக்டரம்மாவிடம் ஸ்கேன் படங்களோடு ஒருமுறை காட்டிவிட்டு வந்தோம். அதன்பிறகு பெரிய சார், நோய் மறுபடி தாக்காமலிருக்க ஒன்றுவிட்டு ஒருநாள் இன்டர்ஃபெரான் ஊசி என்று எழுதிக் கொடுத்தார்.

ஊசி போட்டது என் கணவர்தான். மாலை வேலை முடிந்து வந்ததும் கைகழுவி, ஃபிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக் குளிர் போக்குவார். இன்று வலது தொடை, நாளை மறுநாள் வயிறு என்று காலண்டரில் குறித்துவைத்திருந்தார். "நர்ஸுங்க எல்லாம் என்கிட்ட டியூஷன் வரணும்," என்பார். ஊசி போட்ட இரவுகளில் எனக்குக் காய்ச்சல் அடிக்கும். கால் மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிடுவார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது அந்த மாதங்களில்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் நெஞ்சு எரிகிறது.

நாலாவது மாதம் விக்கல் வந்தது. சும்மா வந்து போகிற விக்கல் இல்லை. பதினோரு நாள். தூக்கத்திலும் விக்கினேன். தண்ணீர் குடித்தால் அதுவும் வாந்தியாக வந்தது. "யாருடி உன்னை விடாம நினைக்கறது? கடன்காரனா?" என்று கடையில் உடன் வேலைசெய்கிறவள் சிரித்தாள். நானும் விக்கிக்கொண்டே சிரித்தேன். வயிற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, வயிறு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்.

"பெரிய சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்," என்றேன்.

"விக்கலுக்கெல்லாம் நரம்பு டாக்டரைத் தொந்தரவு பண்ணா நல்லாருக்காதும்மா," என்றார் கணவர். தன் பையிலிருந்தே ஏதோ மாத்திரை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் விக்கல் தானாக நின்றது. எல்லாரும் மறந்துபோனோம். ஊசி மட்டும் தவறாமல் தொடர்ந்தது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, கம்பெனி மாநாடு என்று அவர் மூன்று நாள் வெளியூர் போயிருந்தார். காலையில் கட்டிலை விட்டு எழ முயன்றேன். கால்கள் இரண்டும் வேறு யாருடையவோபோலக் கிடந்தன. சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றது, வெளியே வரவில்லை. இடது கண்ணில் வெளிச்சமே இல்லை. தம்பிக்குப் போன் செய்தேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பியவன் அப்படியே கிரீஸ் கறை படிந்த சட்டையோடு வந்து, என்னைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு கண்ணில் பட்ட முதல் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைத்துவிட்டான். அது என் கணவர் போய்வருகிற ஆஸ்பத்திரி இல்லை. என் வாழ்க்கையில் எனக்கு வாய்த்த நல்லது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

வார்டில் ஒரு இளம் பெண் டாக்டர். புறங்கையெல்லாம் பேனா மையால் குறிப்பு எழுதிவைத்திருந்தாள். கால், கண், சிறுநீர் எல்லாம் கேட்டு முடித்து, போகிறவள் திரும்பி நின்று கேட்டாள்.

"ஆமா, இந்த வருஷத்துல எப்பவாவது நிக்காம விக்கல், வாந்தின்னு இருந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பதினோரு நாள் இருந்துச்சு. இதையெல்லாம் கேக்கற முதல் டாக்டர் நீங்கதான்."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழைய ஸ்கேனை வரவழைத்துப் பார்த்தாள். அன்றே ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் என் ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தாள். ஐந்து முறை. மூன்றாவது முறைக்குப் பிறகு கால் விரல்கள் அசைந்தன. இடது கண்ணில் மட்டும் வெளிச்சம் வரவில்லை.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. எனக்கு இருப்பது எம்.எஸ். இல்லை. நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா.

"ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்," என்றாள் டாக்டர். "ரெண்டுலயும் கண்ணு மங்கும், கால் மரக்கும். ஆனா எம்.எஸ்.ல முதுகுத்தண்டுல சின்னச் சின்னத் திட்டா வரும். இதுல நீளமா வரும். உங்களுக்கு ஆரம்பத்துலயே நாலு எலும்பு நீளத்துக்கு இருந்திருக்கு. இது கண்ணைப் பிடிச்சா பலமாப் பிடிக்கும். மூளைக்கு அடியில ஒரு இடத்தைப் பிடிச்சா விக்கல். எல்லாத்துக்கும் மேல, பெரும்பாலானவங்களுக்கு ரத்தத்துலயே காட்டிக் குடுத்துடும்."

"ட்யூப் லைட்ல ரெண்டு வெள்ளையும் ஒண்ணுதான்," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கடைச் சட்டத்தைச் சொன்னேன். "அதேதான். உங்களை யாரும் வாசலுக்குக் கூட்டிட்டுப் போகல," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "எம்.எஸ்.ஸுக்குப் போடற சில ஊசி இதுக்கு ஆகாது. சிலருக்கு அதிகமாக்கிடும்."

"நான் போட்டுக்கிட்டது?"

"அதுவும் அதுல ஒண்ணு."

"அதனாலதான் என் கண்ணு போச்சா?"

"அப்படின்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா வலது கண்ணு இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. இனிமே இதுக்குன்னு உள்ள மருந்து மட்டும்தான், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ட்ரிப்பா ஏத்துவோம்."

முதலில் கண்ணைப் பார்த்த கண் டாக்டரம்மாவிடம் பழைய குறிப்புகள் கேட்க அவள் போன் செய்தாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். நல்லெண்ணத்தில்தான் போட்டாள்.

"நான் அப்பவே எழுதினேனே," என்றது கண் டாக்டரம்மாவின் குரல். "ரெண்டு கண்ணும் அடுத்தடுத்து போயிருக்கு, முதுகுல இவ்ளோ நீளம் இருக்கு, ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த ரத்த டெஸ்ட்டைப் பாத்துடுங்கன்னு. உறையில போட்டு அவங்க வீட்டுக்காரர் கையிலயே குடுத்தேன். தினம் அங்க போறவராச்சே."

வார்டு டாக்டர் சட்டென்று போனைக் காதுக்கு மாற்றிக்கொண்டு எழுந்து போனாள். எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு என்னை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். கணவர் அறையிலிருந்து வந்து பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சொட்டு மருந்தை மாற்றியிருக்கிறார்கள் என்றார்.

அவர் மாநாட்டிலிருந்து முதல் நாளே ஓடிவந்துவிட்டார். தினமும் வார்டுக்கு வந்து எனக்குத் தலைவாரிவிட்டு, டிபன் ஊட்டிவிட்டு, பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கெல்லாம் செல்லப்பிள்ளை ஆகியிருந்தார். அன்று பார்வையாளர் நேரத்தில் வந்தவரைச் சீப்பை எடுக்கவிடவில்லை. கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். மறுக்கமாட்டாரா, அந்த அம்மா வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று ஒரு பொய்யாவது சொல்லமாட்டாரா என்றுகூட ஆசைப்பட்டேன்.

"எடுத்துட்டுத்தான் போனேன்," என்றார். "அன்னிக்கு சார் மூடு சரியில்ல. நாளைக்குக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள அவரே ஊசி எழுதிட்டாரு. எழுதினதுக்கு அப்புறம் போய், கண் டாக்டர் வேற மாதிரி சொல்றாங்கன்னு எப்படி நீட்டறது? அவர் தப்பா நினைச்சுப்பாருல்ல."

"பிரிச்சுப் படிச்சீங்களா?"

"படிச்சேன்," என்றார்.

"அதுல விக்கல்னு ஏதாவது எழுதியிருந்தாங்களா?"

அவர் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். "நிக்காத விக்கல், வாந்தி வந்தா உடனே சொல்லணும்னு கடைசியில ஒரு வரி இருந்துச்சு."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, லெட்டரை ஏன் அப்பவே குடுக்கலன்னு கேப்பாரே."

பதினோரு நாள் நான் விக்கியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்திருக்கிறார். மனதுக்குள் அந்தக் கடைசி வரி ஓடிக்கொண்டிருந்திருக்கும். பன்னிரண்டாம் நாள் கைகழுவி, மருந்தை உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்கி, எனக்கு ஊசி போட்டார்.

"தெரிஞ்சே போட்டீங்களா?"

"பெரிய சார் எழுதினது தப்பா இருக்காதுன்னு நம்பினேன்மா." அவர் அழுதார். நிஜமாகவே அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. செருப்பால் அடித்தால்கூட ஆத்திரம் தீராதுபோல இருந்தது, ஆனால் செருப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தது, எனக்குக் குனியவும் முடியாது.

டிஸ்சார்ஜ் ஆனதும் தம்பி வீட்டுக்குப் போனேன். நடக்க வந்தது, கைத்தாங்கல் இருந்தால். இடது கண் முழு இருட்டு, வலது கண் இன்னும் புகைச்சலாக இருந்தது. கணவர் தினமும் வந்து வாசல் அறையில் உட்கார்ந்துவிட்டுப் போனார். தம்பி அவரோடு பேசவில்லை. தம்பி மனைவி மட்டும் மரியாதைக்குத் தண்ணீர் வைப்பாள். மூன்றாவது வாரம் கணவர் என்னிடம் கேட்டார்.

"நான் என்ன பண்ணா வீட்டுக்கு வருவ?"

நான் யோசித்துவைத்திருந்தேன். "பெரிய சார் முன்னாடி நில்லுங்க. லெட்டர் வந்துச்சு, நான்தான் குடுக்கலன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கணும். சொல்லிட்டீங்கன்னா அங்கேருந்து நேரா நம்ம வீட்டுக்குப் போலாம். இனிமே என் மருந்து உங்க கையில இருக்கணும்னா, என்னைவிட அவர் முகம் பெருசு இல்லன்னு எனக்குத் தெரியணும்."

"சொல்றேன்," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்டிப்பா சொல்றேன்," என்றார். நான் நம்பினேன். அன்று இரவே தம்பி மனைவியிடம் சொல்லித் துணிகளைப் பையில் எடுத்துவைத்தேன்.

பெரிய சாரைப் பார்க்கப் போனோம். வழக்கம்போல டோக்கன் இல்லை. அறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் இன்னொன்று காலியாகத்தான் இருந்தது. கணவர் உட்காராமல் சுவரோரமாக நின்றார். பெரிய சார் ரத்த முடிவை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்தார்.

"இந்த டெஸ்ட் முதல்லயே பண்ணியிருக்கணும்," என்றார். "அப்ப யாராவது இதைப் பத்திச் சொன்னாங்களா? அந்தக் கண் டாக்டர்?"

இதைவிட நல்ல இடம் யாருக்கும் கிடைக்காது. கதவைத் திறந்துவைத்து, வா என்று கூப்பிட்டதுபோல ஒரு கேள்வி. நான் கணவர் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தேன்.

"இல்லை சார்," என்றார் அவர். "யாரும் ஒண்ணும் சொல்லலை சார்."

போனில் எழுந்து நின்று பேசும்போது வருகிற அதே குரல்.

"சொன்னாங்க சார்," என்றேன். "லெட்டர் எழுதி இவர் கையில குடுத்தாங்க. இவர் பிரிச்சுப் படிச்சிட்டு உங்ககிட்ட குடுக்கல. விக்கல் வந்தா சொல்லணும்னு அதுல இருந்துச்சு. பதினோரு நாள் விக்கல் வந்துச்சு. அதையும் சொல்லல."

பெரிய சார் நாற்காலியைக் கணவர் பக்கம் திருப்பினார்.

"ஏன்யா?" என்றார்.

"நீங்க தப்பா நினைச்சுப்பீங்களோன்னு சார்."

"நான் என்னத்தைத் தப்பா நினைக்கறது? ஒரு ரத்த டெஸ்ட். அந்த நிமிஷமே எழுதிக் குடுத்திருப்பேன்." அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "லெட்டர் வராட்டியும் நான் யோசிச்சிருக்கணும்மா. படம் என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. என் மேலயும் தப்பு இருக்கு. மன்னிச்சிடுங்க."

அந்த டெஸ்ட்டை எழுத அவருக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் இவ்வளவும்.

வெளியே நடைவழியில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். வேறு வழியில்லை, விழுந்துவிடுவேன். பத்தடி போனதும் அவர் நின்றார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"பாத்தியா, சார் கோபப்படவே இல்ல," என்றார். "நல்ல மனுஷன். நான்தான் அநாவசியமாப் பயந்துட்டேன்."

அவர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு என் விரல்களைத் தன் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, அங்கிருந்த ஒரு நாற்காலியின் முதுகில் வைத்தார்.

"ஒரே நிமிஷம், இங்கயே நில்லு. அடுத்த பேஷன்ட் போறதுக்குள்ள சாரைத் தனியாப் பாத்து ஒரு வார்த்தை சாரி சொல்லிட்டு வந்துடறேன்."

ஷூ சத்தம் திரும்பிப் போனது. கதவு திறந்து மூடியது.

நான் நிற்கவில்லை. நாற்காலியை விட்டுவிட்டுச் சுவரைக் கையால் தேடினேன். கிடைத்தது. அதைத் தடவிக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடந்தேன். வழியில் யாரோ கால்களை மடக்கி இடம் விட்டார்கள். வாசலில் காவலாளி ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"கூட வந்தவங்க எங்கம்மா?"

"யாரும் வரலை," என்றேன். "ஒரு வண்டி பிடிச்சுக் குடுங்க." தம்பி வீட்டு முகவரியைச் சொன்னேன்.